கண்கண்ட உபாயம்

சாங்கிய தரிசனத்தை எழுபது சொச்சம் சுலோகங்களில் அடக்கித் தந்த ஈசுவர கிருஷ்ணர் தம்முடைய காரிகையைத் துக்கத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறார். தன் உடலிலும் உள்ளத்திலும் தோன்றுவது, பிற உயிர்களால் வருவது, தெய்வச் செயலாய் நேர்வது என மூவகைப்பட்ட துக்கங்கள் மனிதனை ஓயாமல் தாக்குவதனாலேயே அவற்றைப் போக்கும் வழி யாது என்னும் விசாரணை அவனுள் எழுகிறது என்று கூறிவிட்டு, கூறிய வாய் மூடுமுன் ஓர் ஆட்சேபத்தையும் அவரே எழுப்பிக்கொள்கிறார். நோய்க்கு மருந்து கண்ணெதிரே இருக்கும்போது தத்துவ விசாரணை எதற்காக என்பது அந்த ஆட்சேபம். கண்கண்ட உபாயங்கள் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அவை தவறாமல் பலிப்பவையும் அல்ல, பலித்தபோதிலும் துக்கத்தை மறுபடி தலையெடுக்காதபடி வேரறுப்பவையும் அல்ல என்று இரண்டே குறைகளைச் சுட்டி, ஆகையால் விசாரணை அவசியந்தான் என்று முடித்துவிடுகிறார்.

இவ்விரண்டு குறைகளும் அப்படியே பொருந்துகின்ற ஓர் உபாயத்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். தோலின் மேல் பட்டைகளைப் பொருத்தி, அவற்றின் வழியே மிகச் சிறிய மின்துடிப்புகளைச் செலுத்தி, நரம்புகளைத் தூண்டி வலியைத் தணிக்கும் சிகிச்சை அது. வைத்தியர்கள் அதனை டென்ஸ் என்பார்கள். முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற நம்முடைய ஜனங்களோ, 'கரண்ட் வைத்துக்கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிடுவார்கள்.

பிசியோதெரபி அறை ஒன்றில் அது நடைபெறும் விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த ஒரு மூதாட்டியின் முழங்காலுக்கு இருபுறமும், குளிர்ந்த ஜெல் தடவிய கருநிற ரப்பர் பட்டைகளை வைத்து, அவை நழுவாதபடி நாடாவால் சுற்றிக் கட்டிவிட்டு, அங்கிருந்த இளைஞர் பெட்டியின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினார்.

"தெரியுதாம்மா?"

"இன்னும் ஒண்ணும் தெரியலைப்பா."

மறுபடி ஒரு சிறு திருப்பு.

"இப்ப எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"கூட்டட்டுமா?"

"கொஞ்சம் கூட்டு... ம், போதும்ப்பா, போதும்."

சிகிச்சை அவ்வளவே. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இருபது நிமிஷம் கழித்துப் பட்டைகளை அவிழ்த்து, ஜெல்லைத் துணியால் துடைத்துவிட்டபின், வரும்போது சுவரைப் பற்றிக்கொண்டு வந்த அந்த அம்மாள் சுவரை விட்டு விலகி வாசல்வரை நடந்தார். வலி இரவுக்குள்ளோ மறுநாளோ திரும்பிவிடும் என்பது அவருக்கும் தெரியும், இளைஞருக்கும் தெரியும். இப்படித் திரும்பி வரப்போகிற வலியைச் சில மணி நேரம் ஒதுக்கி வைப்பதற்குச் சமய வாழ்வில் என்ன மதிப்பு என்பதுதான் என்னுடைய கேள்வி. துன்பம் வினையின் பயன் என்றும், துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் என்றும், உடம்பு பொய் என்றும் பலவாறாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அற்பமான கேள்வி அன்று.

மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் எண்ணம், மின்சாரம் இன்னதென்று மனிதன் அறிவதற்கு வெகுகாலம் முன்பே தோன்றியது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர், மின்னதிர்ச்சி தரும் ஒருவகைத் திருக்கை மீனை உயிரோடு பிடித்துத் தலைவலிக்கு நெற்றியில் வைக்கவும், கால்விரல் மூட்டு வீங்கி நோகும் வாதநோய்க்கு ஈரமான கடற்கரை மணலில் அம்மீனைக் காலடியில் இட்டு, முழங்கால்வரை மரத்துப்போகும் மட்டும் நிற்கவும் விதித்திருக்கிறார். திபேரியுஸ் சக்கரவர்த்தியின் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் இவ்வாறு குணமடைந்தான் என்றும் எழுதிவைத்திருக்கிறார். மீனுக்குள் இருப்பது என்ன சக்தி என்று அவருக்குத் தெரியாது. நிற்கிறவனுடைய வலி குறைகிறது என்பது மட்டும் தெரியும். வைத்திய சரித்திரத்தில் அறிவு பெரும்பாலும் இப்படித்தான் கருணைக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறது.

காரணம் விளங்கியது 1965-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் முந்நூறு ஆண்டுகளாக மேல்நாட்டு வைத்தியத்தை ஆண்டது, பிரெஞ்சுத் தத்துவ ஞானியான தெக்கார்த்து வரைந்து காட்டிய சித்திரம். நெருப்பருகே கால் வைத்த ஒருவனுடைய பாதத்திலிருந்து மூளை வரைக்கும் மெல்லிய இழை ஒன்று ஓடுகிறது, கீழே சுட்டால் இழை இழுபடுகிறது, மேலே மூளையில் அதற்குரிய துளை திறக்கிறது, வலி உணரப்படுகிறது. இக்கணக்கின்படி புண் எவ்வளவோ, வலியும் அவ்வளவு. புண் இல்லாதவனுக்கு வலியும் இருக்க நியாயமில்லை. இருக்கிறதென்று அவன் சொன்னால் அது பொய்யாகவோ பித்தாகவோதான் இருக்கவேண்டும். எத்தனையோ நோயாளிகளை, சிறப்பாகப் பெண்களை, நம்பத் தகாதவர்களாக ஆக்கிய கணக்கு இது.

ரொனால்டு மெல்சாக் என்னும் கனடிய உளவியல் அறிஞரும், பாட்ரிக் வால் என்னும் ஆங்கிலேய நரம்பியல் அறிஞரும் 1965 நவம்பரில் 'சயின்ஸ்' பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரை அந்தச் சித்திரத்தை மாற்றி எழுதியது. தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்பிழைகள் பலவகை. ஸ்பரிசத்தையும் அதிர்வையும் சுமப்பவை தடித்த இழைகள். விநாடிக்கு 30 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செய்தியைக் கொண்டுபோகின்றன. கனன்று நீடிக்கும் வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் விநாடிக்கு இரண்டு மீட்டர்கூடச் செல்லாதவை. இரண்டும் வந்து சேரும் இடத்தில், தண்டுவடத்தின் பின்கொம்பில், ஒரு வாயில் இருப்பது போன்ற ஏற்பாடு உண்டென்றும், தடித்த இழைகள் சுறுசுறுப்பாக இயங்கும்போது அவ்வாயில் அடைபட்டு, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி மேலே போகாமல் தடுக்கப்படுகிறதென்றும் அவர்கள் கூறினார்கள். இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகப் போய்த் தேய்த்துவிடுவதன் ரகசியம் இதுதான். தடித்த இழைகள் குறைந்த மின்சாரத்திலேயே தூண்டப்படும் இயல்புடையவையாதலால், விநாடிக்கு ஐம்பதிலிருந்து நூறு துடிப்புவரை, ஒவ்வொன்றும் விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவே நீடிக்குமாறு செலுத்தினால், வலி இழைகளைத் தீண்டாமலே ஸ்பரிச இழைகளை எழுப்பிவிடலாம். அந்த அம்மாளின் முழங்காலில் ஊர்ந்த எறும்பு அதுவே.

கொள்கையை எழுதியதோடு வால் நின்றுவிடவில்லை. அவரும் வில்லியம் ஸ்வீட் என்னும் அமெரிக்க அறுவை வைத்தியரும், கண்ணுக்குக் கீழே முகத்தில் ஓடும் நரம்பில் தங்களுக்கே ஊசி செலுத்திக்கொண்டு மின்துடிப்பைப் பரீட்சித்துப் பார்த்த பிறகே நோயாளிகளிடம் போனார்கள். பிறருடைய உடம்பில் செய்யப்போவதைத் தம் உடம்பில் முதலில் செய்துகொள்ளும் இந்த ஒழுங்கு, எந்த ஸ்மிருதியிலும் சொல்லப்படாத போதிலும், வைத்திய தர்மத்தின் மிக உயர்ந்த படிகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். 1967-இல் அவர்கள் வெளியிட்ட விவரத்தின்படி, நெடுநாளாகக் கடும் வலியால் வருந்திய எட்டுப் பேருக்கும், நரம்பைத் தூண்டுகின்றபோது, முன்பு தொட்டாலே துடித்த இடத்தை அழுத்தியும் நோகவில்லை. அவர்களுள் நால்வருக்கு, இரண்டே நிமிஷத் தூண்டுதலுக்குப்பின் அரைமணி நேரத்துக்கு மேல் வலி விலகி நின்றது. அக்கட்டுரைக்கு அவர்கள் இட்ட தலைப்பிலேயே வலியின் நீக்கம் தற்காலிகமானது என்று சொல்லிவிட்டார்கள். ஈசுவர கிருஷ்ணர் காட்டிய குறையை மறைக்காமல் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வந்த உபாயம் இது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஓர் ஆசை எழும். அதைத் தடுத்தாக வேண்டும். ஒரே கணத்தில் இரண்டு ஞானங்கள் உதிப்பதில்லை, ஆகவே ஆன்மாவுக்கும் இந்திரியங்களுக்கும் இடையே மனம் என்னும் அணுவளவான கருவி ஒன்று உண்டு என்று கௌதமருடைய நியாய சூத்திரம் அனுமானம் செய்கிறது. ஸ்பரிசத்தில் மனம் சென்றால் வலியில் மனம் இராது என்று இதிலிருந்து பெறலாம்; பெற்றவுடன், டென்ஸ் தத்துவம் நம் நையாயிகர்களுக்கு அன்றே தெரியும் என்று மேடையில் முழங்கவும் செய்யலாம். அது உண்மையன்று, நியாய சாஸ்திரத்துக்குக் கௌரவமும் அன்று. நையாயிகர் பேசுவது கவனத்தைப் பற்றி. மெல்சாக்கும் வாலும் பேசுவது, செய்தி கவனத்தை எட்டுவதற்கு முன்பே, தண்டுவடத்தில், நாம் அறியாமல் நடைபெறும் ஒரு தடுப்பைப் பற்றி. ஒன்றை மற்றொன்றாக்காமல் தனித்தனியே கற்றால் இரண்டினாலும் பயனுண்டு. உண்மையில் நையாயிகர் நமக்குத் தருகிற பெரிய உதவி வேறு: சுகதுக்கங்கள் ஆன்மாவைக் காட்டித் தரும் அடையாளங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். நோகிறது என்று ஒருவன் சொல்லும்போது, உள்ளே ஓர் அனுபவிப்பவன் இருக்கிறான் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியம் தேவையில்லை என்பது அதன் கருத்து.

அனுபவிப்பவன் இருக்கிறான்; ஆனால் வலி எங்கே இருக்கிறது? அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த சைலஸ் வெயர் மிச்செல் என்னும் வைத்தியர், அறுத்தெடுக்கப்பட்டுப் புதைக்கப்பட்டுவிட்ட காலின் விரல்கள் மடங்கி நோவதாக அவர்கள் கதறியதைப் பதிவு செய்திருக்கிறார். இல்லாத பாதத்தில் இருக்கிறது வலி. மாறாக, 1944-இல் இத்தாலியின் ஆன்ஸியோ போர்க்களத்தில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் வைத்தியர், பெருங்காயம் பட்டுக் கிடந்த வீரர்களில் பலர் மார்பியா வேண்டாம் என்று சொன்னதைக் கண்டு வியந்தார். உயிரோடு களத்திலிருந்து மீண்டுவிட்டோம் என்ற நிம்மதி அவர்களுடைய வலியை அடக்கியிருந்தது. இருக்கிற புண்ணில் இல்லை வலி. உடம்பு பெரிது, மனம் பெரிது என்று கட்சி கட்டி வாதாடுவோர் இருதிறத்தாருக்கும் இவ்விரண்டு செய்திகளும் சேர்ந்தே விடை கூறுகின்றன. 1973-இல் ஏற்பட்ட சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம், வலி என்பது உணர்ச்சியும் உள்ளக் கலக்கமும் கலந்த ஓர் அனுபவம் என்று பின்னர் வரையறுத்தது. 2020-இல் அந்த வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்துக்கொண்டது. விஞ்ஞானிகளின் சபை ஒன்று, அளவுகோலை எடுக்குமுன் நோயாளியின் சொல்லை நம்பு என்று விதித்தது சிறிய காரியம் அன்று.

இனி வினையைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். முன்வினைப் பயனாகிய பிராரத்தம் அனுபவித்தே தீரவேண்டியது. அதை மின்சாரத்தால் குறைத்தால் மிச்சம் அடுத்த பிறவிக்கு ஏறும். ஆதலால் பொறுத்துக்கொள்வதே நலம் என்று சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள். இதே கேள்வியை மிகப் பழங்காலத்திலேயே சரக சம்ஹிதை எதிர்கொண்டுவிட்டது. ஆயுளின் அளவு முன்னரே நிச்சயிக்கப்பட்டதா என்று மாணாக்கராகிய அக்னிவேசர் கேட்க, தைவமும் புருஷகாரமும், அதாவது முன்வினையும் இன்றைய முயற்சியும், சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன என்று ஆத்திரேயர் விடையளிக்கிறார். எல்லாம் முன்பே முடிந்துபோன காரியமென்றால் மருந்துக்கும் பத்தியத்துக்கும் இடமே இராதே என்பது அவருடைய யுக்தி. நான் இன்னும் ஓர் அடி மேலே போவேன். ஒருவனுக்கு நோய் வந்தது வினையென்றால், அவனுக்கு ஒரு வைத்தியன் வாய்த்ததும் வினைதானே? கணக்கில் பற்றுப் பத்தியை மட்டும் படித்து வரவுப் பத்தியை மூடிவிடுவதற்கு எந்தச் சாஸ்திரமும் நமக்கு அதிகாரம் தரவில்லை. பிறனுடைய வினையின் அளவு எவ்வளவு, அது எந்த நாழிகையில் தீரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் பெயரால், தெரிந்த ஒரு துன்பத்தை நீடிக்கவிடுவது பக்தி ஆகாது. பிறிதின் நோயைத் தன் நோய்போல் காவாத அறிவினால் பயனென்ன என்று கேட்ட வள்ளுவர், மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததும் இக்கருத்துக்கு இயைந்ததே.

கிறிஸ்தவ உலகத்திலும் இவ்வாதம் வேறு உருவில் நடந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847-இல் பிரசவ வேதனைக்குக் குளோரோபாரம் கொடுக்கத் தொடங்கியபோது, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்பது ஏவாளுக்கு இடப்பட்ட தேவ கட்டளையல்லவா என்னும் ஆட்சேபத்துக்கு அவர் ஒரு சிறு நூலே எழுத நேர்ந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வருவித்தவரும் கடவுளே என்று அதே ஆதியாகமத்திலிருந்தே அவர் விடையெடுத்தார். 1957 பிப்ரவரியில், மயக்க மருந்து வைத்தியர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், வலியை வலிக்காகவே விரும்பி ஏற்கும் கடமை விசுவாசிக்கு இல்லை என்பதைத் தெளிவாக்கினார்.

ஆனால் இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்கிறவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் திருச்சபையைத் தோற்றுவித்தவர், குதிரை மீதேறி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர் என்ற அளவில் அவரைப் பலர் அறிவார்கள். 1756-இல் அவர் ஒரு மின்சார யந்திரத்தை வாங்கி, லண்டனில் ஏழைகளுக்கு இலவச மின்சிகிச்சை தொடங்கினார் என்பதை அறிந்தவர் சிலரே. கண்ணாடி உருளை ஒன்றைக் கைப்பிடியால் சுழற்ற, அது உராய்ந்து மின்சாரம் திரளும். நோயாளியின் உடம்பில் நோகும் இடத்துக்கு அதைச் செலுத்துவார்கள். கூட்டம் பெருகவே, நகரத்தின் வேறு பகுதிகளிலும் நாள் குறித்துச் சிகிச்சை நடந்தது. 1760-இல் மின்சாரத்தைப் பாமரரும் அறியும்படி ஒரு நூலும் எழுதினார்; அதில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கையாண்ட வகை யந்திரம் ஒன்று லண்டனில் அவர் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் இருக்கிறது. ஜெபத்தால் நோய் தீரும் என்று முழுமனத்தோடு நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கையின் காரணமாகவே யந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றினார் என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது. மின்சாரமும் சிருஷ்டியில் அடங்கியது, விலையின்றிக் கிடைப்பது, வைத்தியருக்குக் கூலி கொடுக்க முடியாத ஏழைக்கு அது ஆண்டவன் விட்டுவைத்த சொத்து என்று அவர் எண்ணினார். ஜெபமா சிகிச்சையா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.

நம்முடைய சமயத்திலும் வலியின் தலைவாயிலில் நிற்கிற பெரியவர் ஒருவர் உண்டு. சமண முனிவராய்த் தருமசேனர் என்ற பெயரோடு விளங்கிய மருணீக்கியார், குடலைப் பற்றி முறுக்கிய சூலை நோயைத் தாங்கமாட்டாமல், உடனிருந்தோர் செய்த மந்திரங்களாலும் தீராமல், இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து, தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றைப் பூசிக்கொண்டு வீரட்டானத்து இறைவன் முன் நின்றார் என்று சேக்கிழார் கூறுகிறார். அங்கே அவர் பாடிய முதற்பதிகம் வலியைப் புகழவில்லை, பொறுமையைப் போதிக்கவில்லை, இந்த நோயை என்னால் தாங்க முடியவில்லை, இதை விலக்கிவிடு என்று கதறுகிறது. பிற்காலத்தில் சுண்ணாம்புக் காளவாயிலும், கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்டபோதும் அஞ்சாது நின்றதாகச் சொல்லப்படும் அதே திருநாவுக்கரசர்தாம் இவர். அஞ்சாமை வந்தது பிறகு. முதலில் வந்தது, வலியிலிருந்து விடுதலை கேட்கும் உரிமை. இறைவன் சூலை கொடுத்தான் என்று கதையின் முற்பகுதியை மட்டும் சொல்லி, நோவைப் பொறுக்கச் சொல்கிறவர்கள், தமக்கையார் திருநீற்றை எடுத்துக் கையில் கொடுத்த பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஈசுவர கிருஷ்ணர் காட்டிய முதற்குறையை நேர்மையோடு பார்க்கத்தான் வேண்டும். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. 1990-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோவும் அவருடைய துணைவர்களும், நெடுநாள் இடுப்புவலி உள்ள 145 பேரை ஒரு மாதம் பரிசோதித்தபோது, மெய்யான யந்திரம் வைக்கப்பட்டவர்களுக்கும், விளக்கெரிந்தும் மின்சாரம் வராத போலி யந்திரம் வைக்கப்பட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அப்பால் நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் நடந்தன. அவற்றில் 381-ஐத் திரட்டி 2022-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மின்சாரம் பாயும்போதும் பாய்ந்து முடிந்த உடனேயும் போலியைக் காட்டிலும் மெய்யான சிகிச்சையில் வலி குறைகிறது என்ற முடிவுக்கு வந்தது. ஆகப் பலன் உண்டு, அது அளவானது, ஆளுக்கு ஆள் மாறுவது.

போலி யந்திரத்தாலும் சிலருக்கு வலி குறைந்ததே, அது என்ன? மனப்பிரமை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. 1978-இல் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் நடந்த ஒரு பரிசோதனையில், வெறும் போலி மருந்தினால் வலி குறைந்தவர்களுக்கு, அபினியின் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, குறைந்த வலி மறுபடி கூடியது. அதாவது, குணமாகும் என்ற நம்பிக்கை உடம்புக்குள்ளே அபினியை ஒத்த ஒரு பொருளை உண்மையாகவே சுரக்கச் செய்திருந்தது. விநாடிக்கு இரண்டு, நான்கு துடிப்புகள் என்று மெதுவாகச் செலுத்தும் டென்ஸ் முறையிலும் அதே வகைப் பொருள்கள் வேலை செய்கின்றன; அதனையும் நலாக்ஸோன் முறிக்கிறது. 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையே, வாயிலைக் கீழிருந்து தோலின் ஸ்பரிசமும் மேலிருந்து மூளையின் ஆணையும் சேர்ந்தே ஆள்கின்றன என்று சொல்லியிருந்தது. மின்சாரம் கீழே நின்று அடைக்கிற கதவை, நம்பிக்கை மேலே நின்று அடைக்கிறது. சிரத்தை என்று நாம் சொல்லிவந்த ஒன்றுக்கு நரம்பிலும் இரத்தத்திலும் இடமுண்டு என்பதைக் கேட்கும்போது எனக்கு உவகை உண்டாகிறது. சிரத்தையைப் பயன்படுத்திப் பொய்ச் சரக்கை விற்பதற்கு இது உத்தரவு ஆகுமோ என்ற அச்சமும் உடனே உண்டாகிறது. ஆகாது. மூட்டு வலியிலிருந்து சர்க்கரை வியாதி வரைக்கும் எல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்து பெட்டிகளை விற்கிறவர்கள், நோயாளியின் நம்பிக்கையைத் திருடுகிறவர்கள். நம்பிக்கை குணப்படுத்துவது மெய்யென்றால், அதைப் பொய்யால் சம்பாதிப்பவன் செய்வது இரட்டிப்பான பாவம்.

இரண்டாம் குறையும் மெய்யே. ஒரே அளவில் நாள்தோறும் வைத்துவந்தால் உடம்பு பழகிப்போய்ப் பலன் தேய்கிறது. வலியின் காரணத்தை இச்சிகிச்சை தீண்டுவதும் இல்லை. தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்தபடியே இருக்கிறது. காரணம் தெரியாத வலியை அடக்கி வைப்பது ஆபத்தும் கூட. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதை நெருங்கலாகாது, கழுத்தின் முன்புறத்தில் எவருக்கும் பட்டைகளை வைக்கலாகாது.

குறைகள் இரண்டையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் சாங்கியர் குறை கூறியது அந்த உபாயங்களை முடிந்த முடிபாகக் கொள்வதை. அவற்றைக் கையாளுவதை அன்று. முழங்காலில் இருந்த வலி விலகிய அந்தச் சில மணி நேரத்தில் ஒரு மூதாட்டி என்னென்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்: கோயில் பிராகாரத்தை ஒருமுறை சுற்றுவார், பேத்திக்குத் தலை பின்னிவிடுவார், படுத்து உறங்குவார். மோட்சத்தைப் பற்றி நினைப்பதற்குக்கூட வலியில்லாத ஒரு நாழிகை வேண்டும். சதா நோகிற உடம்புக்குள் இருக்கிறவனுக்கு உலகம் முழுவதும் அந்த நோகும் இடமாகச் சுருங்கிவிடுகிறது. அவனிடம் போய் ஆத்ம விசாரம் செய் என்பது கொடுமை.

வலி உடம்பைச் சேர்ந்தது, நான் உடம்பல்லேன் என்று நிலைத்து நின்ற மகான்கள் இருக்கிறார்கள். ரமண மகரிஷி இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு 1949-இல் நான்குமுறை அறுவை செய்துகொண்டு, 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி திருவண்ணாமலையில் உடல் நீத்தார். கையை எடுத்துவிடலாம் என்று வைத்தியர்கள் சொன்னதற்கு அவர் இசையவில்லை; ஆனால் வந்த வைத்தியர்களை வெறுத்துத் திருப்பி அனுப்பவும் இல்லை; அலோபதி, ஹோமியோபதி, நாட்டு வைத்தியம் என்று அன்பர்கள் கொண்டுவந்த சிகிச்சைகளுக்கு உடம்பை ஒப்புக்கொடுத்தார். அந்த நிலை அவர் தாமாக நின்ற நிலை. இன்னொருவரைப் பார்த்து நீயும் இப்படியே பொறு என்று விதிப்பதற்கு அவருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்டுவது பெருந்தவறு. புத்த பகவான் இரண்டு அம்புகளைக் கொண்டு விளக்கியதும் இத்தகையதே. உடம்பில் தைக்கும் அம்பு ஒன்று, அதை எண்ணி உள்ளம் புலம்பித் தானே தைத்துக்கொள்ளும் அம்பு மற்றொன்று. ஞானிக்கு இரண்டாவது இல்லை என்றார். அவனவன் தன் உள்ளத்தில் செய்யவேண்டிய பயிற்சிக்காகச் சொன்னது அது. பக்கத்தில் நிற்கிறவன் முதலம்பைப் பிடுங்காமல் உபதேசம் செய்துகொண்டிருப்பதற்காக அன்று.

நம்முடைய வீடுகளில் இந்த உபதேசம் மிக எளிதாக வாயில் வருகிறது. மாடிப்படி ஏறமுடியவில்லை என்று தாயார் சொன்னால், வயதானால் அப்படித்தான் என்கிறோம். பிள்ளை பெற்ற இடுப்பு நோகிறது என்று மருமகள் சொன்னால், நாங்கள் பெறாத பிள்ளையா என்கிறோம். வினை என்ற சொல்லை நாம் உச்சரிப்பதில்லை. ஆனாலும் அதைவிட இரக்கமற்ற ஒரு விதியை அங்கே விதித்துவிடுகிறோம். டென்ஸ் பெட்டியில் மின்சாரத்தின் அளவைக் காட்டும் எண்கள் உண்டு, வலியின் அளவைக் காட்டும் முள் கிடையாது. எங்கே பட்டையை வைப்பது, எவ்வளவு கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் நோகிறவரிடமே கேட்டுக் கேட்டுத்தான் செய்தாக வேண்டும். கேளாமல் வைத்தால் ஒன்றும் உறைக்காது, அல்லது சுரீர் என்று குத்தும். வீட்டிலே அந்தத் தாயாரிடமும் அந்த மருமகளிடமும் எங்கே நோகிறது என்று எவரும் கேட்காமல் இருக்கிற வரையில், ஆஸ்பத்திரியில் எத்தனை பெட்டிகள் வாங்கி வைத்தாலும் அவர்கள் அங்கே வந்து சேரப்போவதில்லை.